மாடி வீட்டு ஒப்பாரி

வாங்க. செருப்பை ஓரமா விடுங்க. அங்கிட்டு இல்ல, கோலத்துல பட்டுரும். வீடு பாக்கத்தான வந்திருக்கீக? வந்த ஒடனே தண்ணித் தொட்டியை எட்டிப் பாத்தீகளே, அதுலயே தெரிஞ்சு போச்சு. தண்ணிக்கெல்லாம் கஷ்டமில்ல. உக்காருங்க. மாடியைக் காட்டுறேன். அதுக்கு முந்தி ஒரு விசயம் சொல்லணும். சொல்லாமக் காட்டிட்டா அப்புறம் நீங்க என்னையத்தான் வைவீக.

மாடி காலியா இல்ல. ஆள் இருக்கு. வாடகைக்காரக இல்ல, எங்க வீட்டுக்காரருதான். சித்திரையில இருந்து அங்கதான் குடியிருக்காரு. எறங்கி வாங்கன்னு நான் கூப்பிடப் போறதில்ல. அவரா வர்ற மாதிரியும் தெரியல. அதான் வாடகைக்கு விட்டுருவோம்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு குடும்பம் சாமான் செட்டோட வந்து நின்னா எறங்கித்தான ஆகணும்? ஆடி மாசம் யாரும் வீடு மாத்த மாட்டாகன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப ஆவணி பொறந்தாச்சு.

என்ன சண்டைன்னு பாக்குறீக. சண்டையெல்லாம் இல்ல. பாட்டு. பாட்டு கேக்குறதுக்கு ஒரு மனுசன் பொண்டாட்டியை விட்டுட்டு மாடியேறிப் போவாரான்னு நீங்க கேக்கலாம். நானும் அதைத்தான் கேக்குறேன்.

முந்தி மாடியில இருந்தது எடிசன்னு ஒரு பேங்க்காரரு. நாகர்கோவில் பக்கம். சம்சாரம் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்துச்சு, அதனால தனி ஆளு. தங்கமான மனுசன்னு தெருவே சொல்லும். அந்த டிவியை வாங்காம இருந்திருந்தா நானும் சொல்லியிருப்பேன். செவுத்துல பாதியை அடைச்சுக்கிட்டு ஒரு டிவி, ரெண்டு பக்கமும் நெட்டை நெட்டையா ஸ்பீக்கர். சனிக்கிழமை சாயங்காலம் ஆனா அதுல லைவ். கிராமியப் பாட்டுக் கச்சேரியாம். திண்டுக்கல் பக்கம் ஏதோ ஒரு தென்னந்தோப்புல உக்காந்து பாடுறாக. தவில், பம்பை, உறுமி, எல்லாம் இருக்கு. எதுத்தாப்ல கேக்குற சனம் ஒண்ணு கூட இல்ல. ஆனா பாட்டு முடிஞ்சதும் கையெடுத்துக் கும்பிடுறாக. யாரைக் கும்பிடுறாகன்னு கேட்டா, ஓரத்துல எழுத்து ஓடுதுல்ல, எழுதுறவுகளையாம். ஒருத்தன் ஆஸ்திரேலியாங்குறான், ஒருத்தன் மஸ்கட்டுங்குறான். அவனவன் வீட்டுல கைலியைக் கட்டிக்கிட்டு உக்காந்து கச்சேரி கேக்குறான். வேலைவெட்டி இல்லாத சனம்.

நான் பாத்ததில்லம்மா. எனக்கு எதுக்கு அது? துணி காயப் போட மாடிக்குப் போறப்ப காதுல விழுறதுதான். சாயங்காலம் துணி காயப் போடுவாகளான்னா, எங்க வீட்டுல போடுவோம். வெயிலடிச்சா சேலை வெளுத்துப் போகும்.

எங்க வீட்டுக்காரரு மில்லுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவரு. பேச்சுக்குக் காசு கேக்குற ஆளு. சாப்பாடு நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டாரு, இல்லைன்னும் சொல்ல மாட்டாரு. அப்படிப்பட்ட ஆளை எடிசன் ஒரு நாள் மாடிக்குக் கூப்பிட்டிருக்காரு, தனியா பாத்துக்கிட்டு இருக்கேன், வாங்க சார்னு. போனாரு. அடுத்த சனிக்கிழமை கூப்பிடாமலே போனாரு. அதுக்கடுத்த சனிக்கிழமை மத்தியானமே சவரம் பண்ணி, வேட்டி மாத்தி, விபூதி பூசிக்கிட்டு ரெடியாயிட்டாரு. எங்க கெளம்பிட்டீகன்னு கேட்டா, கச்சேரிக்குங்குறாரு. நம்ம வீட்டு மாடிப்படியில ஏறுறதுக்கு விபூதியா?

ஒரு நாள் மாடியில இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. யாரு இது, எடிசன் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கானான்னு துணியோட போய்ப் பாக்குறேன், எங்க வீட்டுக்காரரு. தொடையில தட்டித் தட்டிச் சிரிக்கிறாரு. டிவியில ஒரு பொண்ணு ஏதோ மாமன் மச்சான் கேலிப் பாட்டு பாடுது, இவரு அதுக்கு எசப்பாட்டு முணுமுணுக்குறாரு. இத்தனை வருசம் இந்தச் சிரிப்பை எங்க வச்சிருந்தாரு இந்த மனுசன்? கீழ ஒரு தடவை எறக்கியிருக்கலாம்ல?

அந்தப் பொண்ணு பேரு செம்மலர். பெரிய மூக்குத்தி, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு. நல்லாப் பாடும்னு சொல்றாக, எனக்கென்ன தெரியும். இவரு எடிசன் போன்ல ஒத்தை வெரலால எதையோ எழுதி அனுப்ப, அது படிச்சுட்டு, "அருப்புக்கோட்டையில இருந்து பெருமாள்சாமி ஐயா வந்திருக்காக, வணக்கம்யா"ங்குது. நான் கழுத்துல தாலி ஏறின நாள்ல இருந்து அந்தப் பேரை வாயால சொன்னதில்ல. ரேசன் கடையில கேட்டாக் கூட கார்டைத்தான் நீட்டுவேன். அந்தக் குட்டி வாரா வாரம் ஊர் ஒலகம் பூரா கேக்கச் சொல்லுது. இவருக்கு வாயெல்லாம் பல்லு.

நான் சும்மா இருக்கிறவளா? கரண்டு பெட்டி கீழ நம்ம வராண்டாவுலதான இருக்கு. நல்லா உச்சத்துல பாட்டுப் போயிக்கிட்டு இருக்கிறப்ப மாடி லைனுக்கு உள்ள பீஸ் கட்டையைப் பிடுங்கிருவேன். கொஞ்ச நேரம் கழிச்சு மாட்டிருவேன். எடிசன் பாவம், லைன்மேனைக் கூட்டியாந்து காட்டினாரு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இருட்டுல கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. அந்தப் பொறுமையைப் பாத்தாத்தான் எனக்கு இன்னும் ஆத்திரமா வரும்.

சரி, இதெல்லாம் கூட விட்டுத் தள்ளலாம். ராமுத்தாய் விசயம்தான் பெருசு.

ராமுத்தாய் எங்க வீட்டுக்காரரோட அக்கா. எனக்கு நாத்தனா. பந்தல்குடியில கட்டிக் குடுத்திருந்துச்சு. இந்த வீடு கட்டிப் பால் காய்ச்சினப்ப, அடுப்பைப் பத்த வச்சது அதுதான். மூத்தவ, அதனால விட்டுக் குடுத்தேன். பால் எந்தப் பக்கம் பொங்கணும்? கெழக்கால பொங்கணும், இல்லைன்னா வடக்கால. தெக்கால பொங்கி வழிஞ்சுச்சு. வந்தவுக அம்புட்டுப் பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாக. அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "எங்கிட்டோ ஒரு பக்கம் பொங்குச்சுல்ல, சீனியைப் போடு"ன்னு சொல்லிச் சிரிச்சுச்சு. என் வீடும்மா. நான் நகை நட்டை எல்லாம் வச்சுக் கட்டின வீடு. அன்னிக்கு முடிவு பண்ணினேன், இந்த வாசப்படியை இனி அது மிதிக்கக் கூடாதுன்னு. அதுக்குப் பெறகு வரவுமில்ல, இவரு போகவுமில்ல. போகக் கூடாதுன்னு நான் சொல்லல. போனா நான் சாப்பிட மாட்டேன்னு மட்டும்தான் சொன்னேன்.

போன தை மாசம் எங்க மகனுக்கு நிச்சயதார்த்தம். மறுநாள் விடிஞ்சா நிச்சயம், முந்தின நாள் சாயங்காலம் போன் வருது. நான்தான் எடுத்தேன். ராமுத்தாய் செத்துப் போச்சுன்னு சொல்றாக. நெஞ்சு வலின்னு சொல்லி அப்படியே சாஞ்சிருச்சாம். நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய? மண்டபம் பேசியாச்சு, சமையக்காரர் காய் நறுக்க ஆரம்பிச்சாச்சு, பொண்ணு வீட்டுக்காரக சிவகாசியில இருந்து வேன் புடிச்சாச்சு. இவருகிட்டச் சொன்னா கெளம்பிப் போயிருவாரு. தீட்டோட வந்து தாம்பூலம் மாத்த முடியுமா? சரின்னு போனை வச்சுட்டேன். நிச்சயம் நல்லபடியா முடிஞ்சுச்சு. எல்லாரும் கெளம்பிப் போன பெறகு பக்குவமாத்தான் சொன்னேன், இந்த மாதிரி, உங்க அக்கா தவறிட்டாகளாம்னு.

கோடி போடணும், அது தெரியும் எனக்கு. பொம்பள செத்தா பொறந்த வீட்டுல இருந்து தம்பியோ அண்ணனோ புதுச் சேலை கொண்டுபோய்ப் போத்தணும். அது வந்தாத்தான் எடுப்பாக. அங்க வெயில் சாயுற வரைக்கும் பொணத்தை வச்சுக்கிட்டு இவருக்காகப் பாத்தாகளாம். அப்புறம் யாரோ பங்காளி வீட்டுச் சேலையைப் போத்தி எடுத்துட்டாக. எந்தச் சேலை போத்தினா என்னம்மா, எரியப் போற ஒடம்பு. சேதி கேட்டதும் இவரு கொல்லைக்குப் போயி தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து உக்காந்தாரு. மறுநாள் பஸ் ஏறிப் போனாரு. அது பெத்த பயலுக வாசலோட திருப்பி அனுப்பிட்டானுக. என்ன வளப்போ. தாய்மாமன்கிற மரியாதை வேணாம்? வந்து என்னையவும் ஒண்ணும் கேக்கல. கேக்காம இருந்தா என்ன அர்த்தம்? நான் செஞ்சது சரின்னுதான அர்த்தம். அப்படித்தான் நான் எடுத்துக்கிட்டேன்.

சித்திரையில ஒரு சனிக்கிழமை. வெக்கை தாங்கல. எடிசன் டிவியையும் ஸ்பீக்கரையும் மொட்டை மாடிப் பக்கம் நகட்டி வச்சுட்டாரு, காத்தாடக் கேக்கலாம்னு. நான் கீழ கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கேன். மேல செம்மலர் பேசுறது தெளிவாக் கேக்குது. இன்னிக்கு ஒப்பாரி பாடப் போறோம், யாருக்காவது அவுக வீட்டுல எறந்தவுகளுக்குப் பாடணும்னா எழுதுங்கங்குது. குடியிருக்கிற வீட்டுல, எழவு விழாத வீட்டுல, ஒப்பாரிச் சத்தம் கேக்கலாமா? ஒப்பாரின்னு பேச்சுக்குக் கூட சொல்ல மாட்டோமே. கீரையைப் போட்டுட்டு எந்திரிச்சேன்.

அப்பத்தான் அது சொல்லுது: "பெருமாள்சாமி ஐயா, அக்கா ராமுத்தாய்க்குன்னு எழுதியிருக்கீக. அவுக உங்களுக்கு என்னென்ன செஞ்சாக, எழுதுங்கய்யா. அது தெரியாம நான் பாட முடியாது."

இவரு எழுதுறாரு போல. ஒத்தை வெரல்ல எழுதுற ஆளு, அம்புட்டுப் பேரும் காத்துக்கிட்டு இருக்காக. அப்புறம் அந்தப் பொண்ணு படிக்குது. அம்மா செத்த பெறகு இவரை இடுப்புல தூக்கிக்கிட்டே அது பள்ளிக்கூடம் போச்சாம், வாத்தியார் வைய, அதோட படிப்பை நிறுத்திருச்சாம். காய்ச்சல்ல கெடந்தப்ப வெயில்ல செருப்பில்லாம நடந்து போயி நுங்கு வாங்கியாந்துச்சாம். நுங்கு! நான் எத்தனை நுங்கு வாங்கிக் குடுத்திருக்கேன், கணக்கிருக்கா? அப்புறம் கடைசியா, கோடி போடலன்னு எழுதியிருக்காரு. அம்புட்டுத்தான். ஏன் போடலன்னு எழுதல. அதையும் படிச்சுச்சு. படிச்சுட்டு எடுத்துச்சு பாருங்க பாட்டு.

நுங்கு வாங்க நடந்த காலு
நோவுதுன்னு சொல்லலையே
பொறந்த வீட்டுக் கோடி வந்து
போத்துமுன்னு காத்திருந்தே
பொழுது சாயப் பாத்திருந்தே
என்னப் பெத்த ராமுத்தாயே
வாராத தம்பி எங்கே
வழி மறிச்ச வாசல் எது

வழி மறிச்ச வாசலாம். எந்த வாசல்னு தெருவுக்கே தெரியாதா? நான் நேரா வராண்டாவுக்குப் போனேன், கரண்டு பெட்டியைத் திறந்தேன், பீஸ் கட்டையில கையை வச்சேன். இழுக்கலாம்னு பாக்குறேன், கேட்டு திறக்குற சத்தம். எதுத்த வீட்டு கற்பகம் தலையை அள்ளி முடிஞ்சுக்கிட்டு ஓடி வர்றா. "சொர்ணக்கா, என்னக்கா ஆச்சு, அண்ணனா"ன்னு சொல்லிக்கிட்டே என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. அவ பின்னாலயே மூணாவது வீடு, முக்கு வீடு, டெய்லர் சம்சாரம். எங்க ஊர்ல கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கணும். எழவுக்கு யாரும் வைக்க வேணாம், அழுகைச் சத்தம் கேட்டா போட்டது போட்டபடி வந்துருவாக. வந்தா வாயால கேக்க மாட்டாக. வீட்டுப் பொம்பளையைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டுத்தான் மத்தது.

நான் இல்லை இல்லைங்குறேன். யாரு கேக்குறா? பெரிய ஸ்பீக்கர்ல அது கத்துது. நான் பேசுறதும் அழுகை மாதிரித்தான் அவளுகளுக்குக் கேட்டிருக்கு. என்னைய அப்படியே கீழ உக்கார வச்சு, சுத்தி உக்காந்து, தோள்ல தோள் சாஞ்சு அழ ஆரம்பிச்சுட்டாளுக. கற்பகம் பாதியில அவுக அம்மா பேரைச் சொல்லி அழுகுறா. டெய்லர் சம்சாரம், வயித்துலயே போன புள்ளைக்கு அழுகுறா. அது இத்தனை வருசம் எங்க யாருக்கும் தெரியாது. மேல அந்தப் பொண்ணு ஒரு வரி பாட, கீழ இவளுக அதை வாங்கி அழுகுறாளுக. நான் ராமுத்தாய்க்கு அழலம்மா. அத்தனை பேரு கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதா யாருக்கும் கண்ணுல தண்ணி வரத்தான் செய்யும். அது வேற.

வெளிய ஆம்பளைக தெருவுல நாற்காலி போட்டாச்சு. ஒருத்தன் மாலைக்குச் சொல்லிவிட்டுட்டான். பாட்டு முடிஞ்சுச்சு. இவரு மாடிப்படியில எறங்கி வர்றாரு. உசுரோட எறங்கி வர்றவரைப் பாத்து அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நிக்கிறாக. இவரு அசரல. தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுப் போயி கேட்டுப் பக்கத்துல நின்னாரு. "எங்க அக்கா"ன்னாரு. கையை நீட்டினாரு. துட்டி கேக்க வந்தா ஒண்ணும் பேசாம கையைத் தொட்டுட்டுப் போவாகல்ல, அந்த மாதிரி ஒவ்வொரு ஆம்பளையும் வந்து கையைத் தொட்டாக. எப்பன்னு கேட்டதுக்கு, தை மாசம்னாரு. ஒருத்தன் கூடச் சிரிக்கல. ஏன் இப்பன்னு ஒருத்தன் கூடக் கேக்கல. எல்லாரும் என்னையத்தான் பாத்தாக. கற்பகம் என் தோள்ல இருந்த கையை மெதுவா எடுத்தா. அதை மட்டும் நான் மறக்க மாட்டேன். போறப்ப யாரும் போயிட்டு வர்றேன்னு சொல்லல. எழவு வீட்டுல சொல்ல மாட்டாகதான், தெரியும். ஆனா அதுக்குப் பெறகும் யாரும் இந்தப் படியேறலம்மா.

அன்னிக்குப் பிடிச்சுக் கேட்டேன். தெருவுல என் மானத்தை வாங்கிட்டீகளே, செத்தவளுக்கு இத்தனை மாசம் கழிச்சு ஒரு பாட்டு, உசுரோட இருக்கிறவளுக்கு என்னன்னு கேட்டேன். அவரு இடுப்புல கட்டின துண்டை அவுத்து மடிச்சுக்கிட்டு இருந்தாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "நாளைக்கு நான் செத்துப் போறேன்னு வைங்க. அந்தக் குட்டி கேக்கும்ல, இவுக உங்களுக்கு என்ன செஞ்சாகன்னு. என்னத்தை எழுதி அனுப்புவீக?"ன்னு கேட்டேன்.

எதாவது சொல்லியிருக்கலாம். போடி வேலையைப் பாத்துக்கிட்டுன்னு சொல்லியிருந்தாக் கூட சரின்னு விட்டுருப்பேன். இவரு என் மூஞ்சியைப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. "இரு சொர்ணம், யோசிச்சுச் சொல்றேன்"ன்னாரு.

யோசிக்க என்னம்மா இருக்கு? நான் எடுத்துச் சொன்னேன். இந்த வீட்டைக் கட்டினது யாரு? சொந்தக்காரக யாரும் உள்ள பூந்து தின்னு தீக்காமக் காத்தது யாரு? மகன் நிச்சயத்தை நிக்க விடாம நடத்தினது யாரு? கண்ட கண்ட செநேகிதன்லாம் வந்து உக்காந்து காப்பி குடிக்காம வாசல்லயே அனுப்பி வச்சது யாரு? ஒண்ணொண்ணாச் சொல்லச் சொல்ல, அவரு தலையை ஆட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டாரு. நெசமாவே யோசிக்கிறாரு, அது தெரியுது. நெத்தி சுருங்கிப் போச்சு. அப்புறம் தலகாணியை எடுத்துக்கிட்டு, "இங்க உக்காந்தா யோசனை ஓட மாட்டேங்குது"ன்னு சொல்லிட்டு எடிசன் கூடத் தங்க மாடியேறிட்டாரு. அடுத்த மாசமே எடிசனுக்கு மாத்தலாகி ஊரோட போயிட்டாரு. போறப்ப அந்த டிவியை இவருக்கே குடுத்துட்டுப் போயிட்டாரு.

சோறா? சோறு போடாம இருப்பேனா. மூணு வேளையும் மாடிப்படியில தட்டுல மூடி வச்சுருவேன். கழுவித் திருப்பி வச்சுருவாரு. மொச்சைக் கொழம்புன்னா அவருக்கு உசுரு, அதனால வாரம் ரெண்டு தடவை வைக்கிறேன். கொழம்பு வைக்கிறதை எல்லாம் யாரு பாட்டுல எழுதுவா.

உங்களுக்கு முந்தி ஒரு குடும்பம் வந்துச்சு. மேல பாத்துட்டு வர்றோம்னு போனாக. ரெண்டு பாட்டு கேட்டுட்டு, அவரு போட்ட காப்பியைக் குடிச்சுட்டு, பெரியவரை எப்படிக்கா கெளப்புறதுன்னு என்கிட்டயே கேட்டுட்டுப் போயிட்டாக. நீங்க அந்த மாதிரி எளகிரக் கூடாது. கறாராப் பேசணும். வீடு எங்களுக்கு வேணும், எப்பக் காலி பண்றீகன்னு கேளுங்க.

இந்தா, சாவி வேணாம், கதவு திறந்துதான் கெடக்கும். இன்னிக்கு சனிக்கிழமை, சத்தம் கேக்குதுல்ல, அவரு டிவி முன்னாலதான் இருப்பாரு. படி பாத்து ஏறுங்க. ஏம்மா, இருங்க. அப்படியே இன்னொண்ணும் கேட்டுட்டு வாங்க. நான் கேட்டேன்னு சொல்ல வேணாம், நீங்களாக் கேக்குற மாதிரி கேளுங்க. யோசிச்சு முடிச்சிட்டாரான்னு. எழுத ஒண்ணே ஒண்ணு கெடைச்சிருந்தாக் கூடப் போதும்.